படலை வரை வந்த முடிச்சு

பதுளை
9.6.1968

மதிப்புக்குரிய சிவக்கொழுந்து ரீச்சர் அவர்களுக்கு,

உங்களுக்கு ‘அவர்கள்’ போட்டு எழுதும் நாள் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மன்னார் பஸ் நிலையத்தில் மூன்று வருடம் ஒரே மர வாங்கில் இருந்து, ஒரே சுருள் கச்சானைப் பங்கு போட்ட ஆட்களுக்குள் என்ன ‘அவர்கள்’? ஆனால் போட வைத்துவிட்டீர்கள்.

என் கலியாணம் முடிந்து ஆறு கிழமை. நீங்கள் வராமலே இருந்திருந்தால் காய்ச்சல், பஸ் இல்லை, தகப்பனார் விடவில்லை என்று நானே ஒரு காரணம் கட்டி மனதை ஆற்றியிருப்பேன். நீங்கள் வந்தீர்கள். சின்னம்மாவின் மகள் பெற்றிசியா கண்டிருக்கிறாள். மாம்பழ நிறச் சேலை, கையில் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி. பேசாலையில் பஸ்ஸால் இறங்கி, எங்கள் படலை வரை வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே திரும்பினீர்களாம். அவள் கையிலிருந்த மாலையை வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் உங்களைக் காணவில்லையாம்.

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டே பேரைத்தான். ஒருவர் என் கூடப்பிறந்த பேதுரு அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கடலுக்குப் போய் என்னைப் படிப்பித்து ரீச்சராக்கியவர். கரையில் எந்த இடத்தில் யார் வலை வளைப்பது என்று அவருக்கும் என் மாமனாருக்கும் கோட்டில் வழக்கு நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் கட்டப்போகிறேன் என்று நான் சொன்னதும், “உன்ரை கலியாண வீட்டு வாசலை மிதிச்சால் என்ரை பேர் பேதுரு இல்லை” என்றார். தன் சாமான்களை எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போய்விட்டார். சொன்னபடியே மிதிக்கவில்லை. இனி அவருடைய பேரை எனக்கு எழுத வேண்டாம் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் நான் பதுளைக்கு றெயில் ஏறினேன். மற்றவர் நீங்கள்.

விருந்து திறமாக நடந்ததாம். ‘நடந்ததாம்’ என்றுதான் எழுத வேண்டும், நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. குசினி வேலியடியில் ஈரச்சாக்கில் இரண்டு பெரிய அறுக்குளா மீன் கிடந்ததாம். மாப்பிள்ளை பகுதி கொண்டுவந்தது என்று நாங்கள் நினைக்க, பெண் பகுதியின் ஏற்பாடு என்று அவர்கள் நினைக்க, அந்தக் குழம்பை இன்றுவரை எல்லோரும் புகழ்கிறார்கள். முகத்திரைக்குள்ளால் படலையைப் பார்த்தபடியே இருந்தேன்.

ஏன் திரும்பிப் போனீர்கள்? ஒரு வரி எழுதுங்கள். எழுத மனமில்லாவிட்டால் இந்த விலாசத்தை மறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருமதி மதலேனா அருட்பிரகாசம்


மன்னார்
16.6.1968

அன்புள்ள மதலேனா,

உமது கடிதத்தை நமது வாங்கின் மூன்றாவது ஆள் பாத்தும்மாவுக்கும் காட்டினேன். வாசித்துவிட்டு, “இது கடுதாசி இல்லை, கோட்டுச் சம்மன்” என்றாள். நீர் எத்தனை ‘அவர்கள்’ போட்டாலும் நான் ‘நீர்’ என்றுதான் எழுதுவேன்.

ஓம், வந்தேன். ஓம், திரும்பினேன். ஏன் என்று சொல்லமாட்டேன் என்று ஒருவருக்கு மடு மாதாவின் பேரில் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். சைவக்காரிக்கு மாதாவின் சத்தியம் எம்மட்டு என்று கேளாதீர். எங்கள் கட்டுக்கரைப் பக்கத்துச் சனம் நெல்லு வெட்டி முடிந்ததும் முதலில் வண்டி கட்டுவது மடுவுக்குத்தான். அந்தச் சத்தியத்தை என்னால் மீற முடியாது.

ஆனாலும் உம்மை இழக்கவும் என்னால் முடியாது. நான்கு நாள் யோசித்தேன். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். கேட்டால் தலையாட்டமாட்டேன் என்று சொல்லவில்லை.

நமது முடிச்சு விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? எருக்கலம்பிட்டி பஸ் வராது, கழுதைகள் வந்து எங்கள் குடை நிழலில் நிற்கும், பாத்தும்மா ஒரு முடிச்சுப் போடுவாள். புதினமான ஒரு சங்கதியின் வாலை மட்டும் சொல்வாள். தலையை நாங்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். போட்டவளுக்கு மூன்று விடைதான் அனுமதி: ஓம், இல்லை, காரியமில்லை. பொய் சொல்லவே கூடாது. ஒரு சின்னப் பொய்க்காக நீர் பாத்தும்மாவோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்த ஆள்.

ஆகையால் இதுதான் முடிச்சு. ஒருத்தி சிநேகிதியின் கலியாணத்துக்குப் பரிசோடு வருகிறாள். படலையில் கை வைத்துவிட்டாள். உள்ளே போகாமல் திரும்புகிறாள். ஏன்?

ஒரு கடிதத்துக்கு ஐந்து கேள்வி. கூடக் கேட்டால் உமக்கு மூளை சூடாகி, சம்பந்தமில்லாமல் கேட்கத் தொடங்குவீர்.

அன்புடன்,
சிவக்கொழுந்து


பதுளை
22.6.1968

கொழுந்து,

‘அவர்களை’ எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை.

உமது கடிதத்தை இவர் வாசித்துவிட்டு, “ரெண்டு ரீச்சர்மாருக்கும் விசர்” என்று சொல்லிவிட்டுக் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போனார். போகட்டும். எனக்கு இன்னும் இடமாற்றம் வரவில்லை, நாள் முழுக்க மழையையும் தேயிலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்பதற்கு நேரம் தாராளமாகக் கிடக்கிறது.

முதலாவது, எங்கள் வீட்டில் யாராவது உம்மிடம் ஏதாவது சொன்னார்களா? சின்னம்மாவின் வாயை நான் நம்பமாட்டேன். இரண்டாவது, வேதக்கோயில் கலியாணத்துக்குப் போனதாகத் தெரிந்தால் உமது அப்பா ஏசுவார் என்ற பயமா? மூன்றாவது, வழியில் யாரோ இனத்தவர் செத்த செய்தி வந்து, துடக்கோடு நல்ல காரியத்துக்குள் வரக்கூடாது என்று நினைத்தீரா? நான்காவது, என்னில் ஏதும் கோபமா?

ஐந்தாவதை எழுதுவதா விடுவதா என்று பேனையை இரண்டு தரம் வைத்து எடுத்தேன். நான் போகப்போகிறேன், இனி அந்த வாங்கில் நீர் என்னைக் காணமாட்டீர், அந்தத் துக்கத்தில் திரும்பினீரா?

மதலேனா


மன்னார்
28.6.1968

அன்புள்ள மதலேனா,

இல்லை. இல்லை. இல்லை. இல்லை.

ஐந்தாவதுக்கும் இல்லை. அந்தத் துக்கம் உண்டு, ஆனால் படலையடியில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பாத்தும்மாவின் பழைய முடிச்சு ஒன்றை நினைத்துப் பாரும். நீந்தத் தெரியாத ஒருவர் தினமும் கடலைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார், வாழ்நாளில் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. நீர் அன்று முழுப் பின்னேரமும் அவர் புனிதரா, பேயா, மந்திரம் தெரிந்தவரா என்று கேட்டுக்கொண்டிருந்தீர். கடைசியில் அவர் மன்னார்ப் பாலத்தால் பஸ்ஸில் போகிற ஒரு கிளாக்கர். நாங்களும் எத்தனை தரம் அதே பாலத்தால் போயிருப்போம்!

முடிச்சில் இல்லாத ஒன்றை நீராகவே சேர்த்துக்கொள்கிறீர். அப்போது பேயைச் சேர்த்தீர். இப்போது ஐந்து கேள்வியிலும் என்னையும் உம்மையும் மட்டும் வைத்திருக்கிறீர்.

உமக்குத் தரவேண்டிய பெட்டி சுற்றிய தாளோடு என் அலுமாரியில் இருக்கிறது. பாத்தும்மா அதைக் குலுக்கிப் பார்க்கிறாள்.

அன்புடன்,
சிவக்கொழுந்து


பதுளை
5.7.1968

அன்புள்ள கொழுந்து,

சரி, உம்மையும் என்னையும் தள்ளி வைக்கிறேன். அப்படியென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. உண்டா? அந்த ஆள் ஆணா? எனக்குத் தெரிந்தவரா? உம்மிடம் சத்தியம் வாங்கியதும் அவர்தானா?

இந்த நாலையும் எழுதிவிட்டு நான் தேத்தண்ணீர் போடப் போனேன். தண்ணீர் கொதிக்கும்போது எனக்கு மின்னல் அடித்ததுபோல விளங்கிவிட்டது. அடி கள்ளி! றெயில்வேயில் வேலை செய்யும் சீவரத்தினம் எத்தனை நாள் நமது வாங்கைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓடினார்! அவர் அன்றைக்குச் சந்தியில் நின்றார், ஏதோ கேட்டார், நீர் கலியாணத்தையும் மறந்து அவரோடு கதைத்துக்கொண்டு நடந்துவிட்டீர், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருப்பார். இதுதான் ஐந்தாவது கேள்வி. ஓம் என்று எழுதும், உடனே எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறேன். இவருக்கும் சொல்லிவிட்டேன்.

மகிழ்ச்சியுடன்,
மதலேனா


மன்னார்
12.7.1968

அன்புள்ள மதலேனா,

ஓம். ஓம். ஓம். ஓம்.

ஐந்தாவதுக்கு இல்லை, இல்லை, ஆயிரம் தரம் இல்லை. சீவரத்தினம் சைக்கிள் ஓடியது கச்சான்காரியின் மகளைப் பார்க்க. அவர்களுக்கு ஆவணியில் கலியாணம். பாத்தும்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாகப் போய்விட்டது. உமது கணவருக்கு உடனே திருத்தம் சொல்லும்.

நான் சிரித்தது கொஞ்ச நேரம்தான். மதலேனா, நாலு ஓம் வாங்கிய பிறகும் நீர் விளையாடுகிறீர். இந்த முடிச்சு அவிழ வேண்டும் என்று உம்மைவிட எனக்கு அவசரம். ஒவ்வொரு கிழமையும் அந்த மனிதரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வரும்போதெல்லாம், மாதாவே, அவளுக்கு இன்றைக்காவது புத்தி வரட்டும் என்று கும்பிடுகிறேன்.

முடிச்சு இறுகினால் ஒரு துப்புக் கொடுக்கலாம் என்பது பாத்தும்மா வைத்த சட்டம். கொடுக்கிறேன். உமது முதலாவது கடிதத்தில், விருந்தைப் பற்றி எழுதிய இடத்தில், யாருக்கும் விடை தெரியாத சங்கதி ஒன்றைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர். அங்கேயிருந்து தொடங்கும்.

அன்புடன்,
சிவக்கொழுந்து


பதுளை
18.7.1968

கொழுந்து,

எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

இன்று காலை சந்தைக்குப் போனேன். இங்கே வருகிற மீன் எங்கிருந்தோ ஐசில் கிடந்து கண் வெளுத்துப் போய் வரும். அதைப் பார்த்து, எங்களுடைய அறுக்குளாவை நினைத்து ஏங்கினேன். அப்போதுதான் உமது துப்பு வந்து இடித்தது. ஈரச்சாக்கு. குசினி வேலியடி. ஒரு குரல் கூடக் கொடுக்காமல் மீனை வைத்துவிட்டுப் போனது யார்?

எங்கள் பகுதியில் யாரும் இல்லை, மாப்பிள்ளை பகுதியில் யாரும் இல்லை. வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்ன ஒருவர், வேலிக்கு மேலால் கையை நீட்டி ஒரு சாக்கை உள்ளே வைத்தால் சொன்ன சொல் பொய்க்காதுதானே?

சந்தை நடுவில் நின்று அழுதேன். மீன்காரன் விலையைக் குறைத்தான்.

முதலாவது, அந்த மீனும் இந்த முடிச்சுக்குள் அடக்கமா? இரண்டாவது, அதைக் கொண்டுவந்தது பேதுரு அண்ணனா? மூன்றாவது, நீர் படலையில் கை வைத்தபோது அவரைக் கண்டீரா? நான்காவது, அவருக்கு ஏதோ நடந்து, அதனால்தான் நீர் திரும்பினீரா?

ஐந்தாவது, அவர் உயிரோடு இருக்கிறாரா? ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன் என்று எழுதினீர், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அவருடைய பேரை எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான், எனக்கு யார் எழுதுவார்கள்?

கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. தந்தி அடியும்.

மதலேனா


மன்னார்
24.7.1968

அன்புள்ள மதலேனா,

தந்தி கிடைத்திருக்கும். ஐந்து ஓம். தந்திக்கந்தோரில் நடராசா அதைப் பார்த்துவிட்டு, “என்ன ரீச்சர், கோயிலுக்கோ அடிக்கிறியள்?” என்று கேட்டார். ஓம் என்று அவருக்கும் ஒன்று சொன்னேன்.

நீர் அவிழ்த்துவிட்டீர். அவிழ்ந்த முடிச்சின் கதையை முழுக்கச் சொல்வதும் விளையாட்டின் முறைதான். மாதாவுக்கும் அது விளங்கும்.

படலையில் கை வைத்தேன். உள்ளே நீர் கதிரையில் இருந்தீர், யாரோ முகத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். குசினிப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். பேதுரு அண்ணன் மணலில் இருந்தார். ஒரு கால் பழைய சாரத் துணியால் சுற்றியிருந்தது.

“என்ன பேதுரு அண்ணன்?” என்றேன்.

“ஒண்டும் இல்லை ரீச்சர். நீங்கள் உள்ளுக்குப் போங்கோ.”

துணியை அவிழ்த்தேன். கால் முழங்கால் மட்டும் வீங்கி நீலம் பாரித்திருந்தது. உமக்காக இரவு கடலுக்குப் போய், விடியக் கரையில் இறங்கும்போது திருக்கையை மிதித்திருக்கிறார். முள் ஆழமாக ஏறிவிட்டது. அந்தக் காலோடு தலைமன்னாரிலிருந்து பேசாலைக்குச் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். ஏன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஏசினேன். “மீன் பழுதாய்ப் போடுமெல்லே” என்றார்.

உம்மைக் கூப்பிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளைக்குத் தெரிஞ்சால் தாலி கட்டாமல் எழும்பி வந்திடுவாள். அவளின்ரை குணம் உங்களுக்குத் தெரியும். மடு மாதாவாணை, உங்கடை வாயாலை சொல்லப்பிடாது.” அந்த நேரத்தில் வேறு என்ன செய்வேன்? சத்தியம் செய்துவிட்டுச் சந்திக்குக் கூட்டிப்போய் மன்னார் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

இரண்டு கால்விரல் எடுத்தார்கள். கால் தப்பிவிட்டது. இப்போது தலைமன்னாரில் பொல்லு ஊன்றி நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை, கதிரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்துகிறார். கலியாணம் முடிந்துவிட்டதே, இனிச் சொல்லட்டுமா என்று பல தரம் கேட்டேன். “என்ரை பேரை எழுத வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளை. ஏன் கரைச்சல்?” என்கிறார். அது அவருடைய காதுக்கும் போயிருக்கிறது, மதலேனா. உமக்கு அவர் வேண்டாம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

உம்மைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். ஆனால் நான் போகும்போதெல்லாம், “பதுளை சரியான குளிராம், என்ன ரீச்சர்?” என்பார்.

நான் இனி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நீர் வரவேண்டும்.

அன்புடன்,
சிவக்கொழுந்து


தலைமன்னார்
12.8.1968

அன்புள்ள கொழுந்து,

நீர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டதாகப் பாத்தும்மா சொன்னாள். நாளை மறுநாள் கட்டுக்கரைக்கு வந்து உம்மைக் கட்டிப்பிடித்து அழப்போகிறேன். அதுவரைக்கும் பொறுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வந்து சேர்ந்தோம். இவர் சின்னம்மா வீட்டில் நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன். அண்ணன் பூவரசுக்குக் கீழே கதிரையில், மடியில் வலை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, பொல்லுக் கைக்கு எட்டாமல் திரும்ப இருந்துவிட்டார். காலை வலையால் மூடினார். நான் வழி முழுக்கப் பாடமாக்கி வந்தது எல்லாவற்றையும் மறந்து நின்றேன்.

பிறகு அவருடைய காலடியில் மணலில் இருந்துகொண்டு, “அண்ணன், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் கேக்கிறன். ஓம், இல்லை, காரியமில்லை. இந்த மூண்டிலை ஒண்டு சொன்னால் காணும்” என்றேன்.

விசர்ப் பிள்ளை என்பதுபோலப் பார்த்தார்.

“கால் நோகுதோ?”

“இல்லை.”

“கலியாணத்தண்டு வந்தனீங்களோ?”

“வாசலை மிதிக்கேல்லை.”

“அது விடையில்லை.”

வலை ஊசியை ஒரு கண்ணுக்குள்ளால் விட்டு இழுத்தார். “ஓம்.”

“நான் உங்களை வேண்டாமெண்டு விட்டிட்டன் எண்டோ நினைச்சனீங்கள்?”

“ஓம்.”

“என்னிலை இன்னும் கோவமோ?”

“காரியமில்லை.”

கொழுந்து, அந்தச் சொல்லை நாங்கள் எத்தனை தரம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்போம். நான் அவருடைய முழங்காலில் முகத்தை வைத்து அழுதேன். வலை முழுக்க நனைந்தது. அவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

“அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?” என்று கேட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை. மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஓம்” என்றார்.

அதோடு என் கேள்விகள் முடிந்தன. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“நான் ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“அண்டைக்கு அந்த மீன். நீ சாப்பிட்டனியோ?”

உமக்குத் தெரியும். முதலாவது கடிதத்திலேயே எழுதினேன். அந்த மீனுக்காகக் காலில் முள்ளோடு சைக்கிள் மிதித்தவர், மூன்று மாதமாக இதைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். மூன்று விடையில் எது உண்மை என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

“ஓம்” என்றேன்.

“நல்லாய் இருந்ததோ?”

“ஓம், அண்ணன்.”

அவர் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! உள்ளே வீட்டுக்காரரைப் பார்த்து, தேத்தண்ணீர் வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

பாத்தும்மாவுக்கு இதைச் சொல்லிவிடாதீர், விளையாட்டில் பொய் சொன்னவளோடு ஒரு கிழமை கதைக்கக்கூடாது என்று சட்டம் வைத்ததே நான்தான். உம்மிடம் எனக்கு இனி ஒரு சத்தியம் வேண்டும், மாதாவின் பேரிலேயே வேண்டும். அண்ணன் எப்போதாவது உம்மையும் கேட்டால், நீரும் ஓம் என்றே சொல்லும்.

உமது,
மதலேனா